பொய்க் கேரட் பூத்த மலை

என் கைப்பைக்குள் எங்கள் ஊர் மாரியாத்தா உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பிடி மண். ஒரு பக்கம் பாஸ்போர்ட், இன்னொரு பக்கம் எலுமிச்சை ஊறுகாய். கொழும்பு விமான நிலையத்தில் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி, "விதை, செடி, மண் ஏதாவது இருக்கா?" என்று நல்ல தமிழிலேயே கேட்டதும் எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. "ஊறுகாய் இருக்குங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போகச் சொல்லித் தலையசைத்தார். வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அந்த ஆளைத் திட்டினேன். இவருக்கு வேறு வேலையே இல்லையா? ஒரு பிடி மண்ணில் யார் குடி முழுகிவிடும்?

நான் முசிறியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவள். என் தாத்தாவின் தம்பி அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய பேத்தி செல்வராணி, எனக்குத் தங்கச்சி முறை. நாலு வருஷத்துக்கு முன்னால் கோயில் குளம் பார்க்க ஒரு கூட்டத்தோடு வந்தவள், திரும்பிப் போகும்போது எங்கள் கிராமத்து மாரியம்மன் கோயிலில் பிடிமண் எடுத்துப் போனாள். ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயில் பிறக்க வேண்டுமென்றால் தாய்க்கோயில் மண் ஒரு பிடி போக வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்கள் தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகம் அந்த மண்ணை வைத்துத்தான் நடந்தது. இப்போது அதே தோட்டத்தின் இன்னொரு பிரிவில், கீழ் டிவிசன் என்கிற இடத்தில், புதிதாக ஒரு கோயில் கட்டுகிறார்கள். "இந்தத் தடவ நீங்களே கொண்டாந்துருங்கக்கா, அப்பிடியே திருவிழாவும் பாத்துட்டுப் போகலாம்" என்று போனில் கூப்பிட்டாள். வெளிநாடே பார்க்காதவள் நான், உடனே கிளம்பிவிட்டேன்.

மலை ஏறுகிற பஸ் என்றால் எனக்குக் கொல்லிமலை பஸ்தான் தெரியும். அங்கே டிரைவர் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பார், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்பார். ஹட்டன் பஸ்ஸின் டிரைவர் ஒரு கையால் வாழைப்பழம் உரித்துக்கொண்டே ஒரு லாரியை முந்தினார். நான் "ஐயோ!" என்று கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டுச் சிங்கள அம்மா என் கையைப் பிடித்து என்னவோ சொன்னார். முன் சீட்டுக்காரர் அதைத் தமிழில் சொன்னார்: "கண்ண மூடிக்கிட்டா வளைவு தெரியாதாம். கல்யாணமான நாள்ல இருந்து அந்தம்மா அப்பிடித்தான் போறாங்களாம்."

வழியில் பஸ் நின்ற ஒரு கடையில் ரொட்டி சாப்பிட்டேன். நம் பரோட்டா இல்லை இது. தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தடித்த ரொட்டி, கூடவே செக்கச்செவேலென்று ஒரு சம்பல். நாக்கு எரிந்தாலும் விட முடியவில்லை. இரண்டாவது ரொட்டியும் முடிந்த பிறகு, "என்னங்க போட்டிருக்கீங்க, வாசமா இருக்கே?" என்று கேட்டேன். "மாசி" என்றார் கடைக்காரர். எனக்கு மாசி மாதம்தான் தெரியும். "மீனுங்க. காய வச்ச மீன இடிச்சுப் போடுறது." மடியில் ஆத்தா மண்ணை வைத்துக்கொண்டு, கவுச்சி தொடாமல் விரதம் இருந்து வந்தவள் நான்! குழாயடிக்கு ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தேன். 'நீயும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா' என்று பைக்குள் இருந்தவளிடமே சண்டை போட்டேன்.

ஹட்டனில் பஸ் மாறிக் கொட்டகலையில் இறங்கியபோது பட்டப்பகலிலேயே மூடுபனி கடைத்தெருவில் அலைந்துகொண்டிருந்தது. செல்வராணி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். விடுவித்துப் பார்த்தால் இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. துணி ஓரத்தில் தோல் சிவந்து, தடித்து, சில இடங்களில் நீர் வடிந்தது.

"என்னடி இது, சுட்டுக்கிட்டியா?"

"இல்லக்கா. ஒரு செடி. வாங்க, வீட்டுக்குப் போயி சொல்றேன்."

அவள் வீடு லயத்தில் கடைசிக் காம்பரா, அதாவது கடைசி அறை. வரிசையாக ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வீடுகளைத்தான் லயம் என்கிறார்கள். பின்னால் சின்னதாக ஒரு காய்கறித் தோட்டம், அதை ஒட்டி மாட்டுக் கொட்டில். புருஷன் கொழும்பில் கடை வேலை, மாசத்துக்கு ஒரு தடவை வருகிறவன். இவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில், ஆயாவாக இருக்கிறாள். மண் முடிச்சை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றி, சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினாள். பிறகு டின்னைத் திறந்து பால்மாவைக் கரைத்துத் தேத்தண்ணி போட்டாள்.

எனக்குப் புரியவில்லை. கொட்டிலில் மடி கனத்துப் பசு நிற்கிறது, இவள் டின் பால் கரைக்கிறாளே! கேட்டேன். ஒரு டம்ளரில் கறந்த பாலை நீட்டினாள். ஒரு வாய்தான் குடித்தேன். வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி கசப்பு. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"பால் எடுக்கிற எடத்துல நாக்குல வச்சுப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிர்றாங்கக்கா. லெச்சுமி பால வச்சுத்தான் இந்த வீடே ஓடுச்சு. அந்தச் செடி புல்லோட புல்லா வந்துருது. மாடு தின்னா பால் கசக்குது, புடுங்குனா என் கையி இப்பிடி ஆகுது. எவனோ ஒரு கட்டையில போறவன் இத இங்க கொண்டாந்து விட்டிருக்கான். அவன் யாருன்னு கண்டுபுடிக்காம விட மாட்டேன். அவன் கையி அழுகிப் போகணும்!"

சாமி படத்துக்கு முன்னால் நின்றுதான் சொன்னாள். தினமும் விளக்கேற்றும்போது சொல்வாளாம்.

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் இவளும் இன்னும் சிலரும் செடி பார்க்கப் போகிறார்கள். சம்பளம் கிடையாது, யாரும் ஏவியதும் கிடையாது. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்து வைத்தவர் சிவபாதம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், கொட்டகலைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். பிள்ளைக்காம்பராச் சுவரில் தோட்டத்தின் படத்தைப் பெரிதாக வரைந்து ஒட்டியிருக்கிறார்கள். அதில் செடி கண்ட இடத்திலெல்லாம் ஸ்டிக்கர் பொட்டு. இலையாக மட்டும் இருந்தால் சின்னக் கறுப்புப் பொட்டு, மொட்டு விட்டால் மெரூன், பூத்துவிட்டால் பெரிய சிவப்பு. "வயசுக்கு வந்துருச்சு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பெரிய பொட்டை ஒட்டுகிறார்கள். படம் பூராவும் அம்மை போட்டது போல் இருந்தது.

அந்தப் பொட்டுகளைப் பார்த்துத்தான் மாடு வைத்திருப்பவர்கள் எங்கே புல் அறுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்கிறார்கள். பூக்காத செடியைப் பிடுங்கித் தகர பீப்பாயில் போட்டு எரிப்பார்கள். பூத்ததை அப்படியே பிடுங்கினால் விதை கொட்டிவிடும். பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக் கட்டிவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

"பேரு என்ன?"

"நாங்க பொய்க் கேரட்டுனு சொல்றதுங்க" என்றார் அந்தோணி. செல்வராணிக்கு அடுத்த லயம் அவருக்கு. அவரும் இந்தக் கூட்டத்தில் ஒருத்தர். "மொதல்ல மொளச்சப்ப கேரட்டுனே நெனச்சுட்டாங்க. எல அப்பிடியே இருக்கும். எங்கயோ கெடந்த வெத விழுந்து தானா மொளச்சிருக்குனு சந்தோசப்பட்டுத் தண்ணி ஊத்துனாங்க, ஒரம் போட்டாங்க."

"நானும்தான் ஊத்துனேன்" என்றாள் செல்வராணி. "கெழங்கு வரும் வரும்னு பாத்தேன், பூ வந்துச்சு."

கான் என்று இவர்கள் சொல்லும் வடிகால் ஓரத்தில் அவள் குனிந்து ஒரு செடியைக் காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூரத்தில் அருவி, தலைக்கு மேலே மேகம், கண்ணுக்கெட்டிய வரை சீப்பு வைத்துச் சீவியது போல் தேயிலை. நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்ப்பது எங்கள் முசிறி பஸ் ஸ்டாண்டுச் செடி! பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. ஊரில் அதன்மேல்தான் எல்லோரும் வெற்றிலை எச்சிலைத் துப்புவார்கள்.

"அடியே, இது பார்த்தீனியம்டி!"

"ஓம்" என்றார் மாஸ்டர். "எங்கட வடக்கிலயும் கனக்க இருக்கு. ஆனா இந்த மலையில இருக்கக் கூடாத சாமான் இது. லொறியில வந்ததோ, மாட்டெருவில வந்ததோ எண்டு தேடித் தேடிப் பாக்கிறம். ஒண்டும் விளங்கேல்லை."

லயத்துத் தோட்டங்கள் வழியாக நடந்தோம். ஒரு வீடு விடாமல் செடி. பீன்ஸ் பாத்தியில், கொட்டில் ஓரத்தில், துளசிக்குப் பக்கத்தில். அந்தோணி வீட்டுத் தோட்டம் வந்ததும் நான் நின்றுவிட்டேன். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் காடாக மண்டிக் கிடக்கிறது, அந்தப் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பி வந்த சின்னச் செடிகள் மட்டும்.

"வேதக்காரவுங்க ஜெபத்துக்குச் செடி பயப்படுதுக்கா" என்று செல்வராணி கேலி செய்தாள். அந்தோணியும் சிரித்தார். "எங்க வீடு மட்டுமா? முனியாண்டி வீட்லயும்தான் இல்ல. அவரு என்ன, என்கூட மாதா கோயில் பூசைக்கா வந்தாரு?"

முனியாண்டி வீடு லயத்தின் நடுவில் இருந்தது. அங்கேயும் அதே கதை. ஏன் இந்த வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்று சும்மாதான் கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"யாரு கண்டா?" என்றாள் செல்வராணி. "பாவம், அவங்க வீட்ல நாலு வருசத்துக்கு முந்தி எழவு விழுந்துச்சு. தீட்டு. கும்பாபிஷேகத்துக்குக்கூட வர முடியல."

"கும்பாபிஷேகத்துக்கு வந்தவங்களுக்கு என்ன குடுத்தீங்க?"

"மண்ணுதான்க்கா!" அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "நான் கொண்டாந்த மண்ணு. கோயில்ல வச்சது போக மிச்சத்த வீட்டுக்கு ஒரு சிட்டிகை குடுத்தோம். எல்லாரும் தோட்டத்துல தூவிக்கிட்டாங்க, கொட்டில்ல போட்டுக்கிட்டாங்க, வெளச்சல் பெருகட்டும்னு. அன்னையில இருந்து இந்தத் தோட்டத்துல நான் செல்வராணி இல்ல, மண்ணு கொண்டாந்த புள்ள."

எங்கள் கோயிலுக்குப் பின்னால் இந்தச் செடி ஆள் உயரத்துக்கு நிற்கும். அவள் வந்த சமயம் திருவிழாவுக்காக அதையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். வெறும் தரையாகத்தான் அவள் பார்த்திருப்பாள். செடி போனாலும் விதை மண்ணில் கிடக்கும்தானே? பூசாரி அந்த இடத்தில்தான் அள்ளிக் கொடுத்தார். போன வாரம் எனக்கும் அதே இடத்தில்தான் அள்ளிக் கொடுத்தார். விமான நிலையத்து அதிகாரியின் கண்ணாடி போட்ட முகம் வந்து நின்றது. அந்த மனுஷரையா திட்டினேன்!

வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். நான் கால் எங்கே வைக்கிறேன் என்றே தெரியாமல் பின்னால் போனேன். அன்றைக்கு அவள் கோழி அடிக்காமல் எனக்காகச் செய்த பருப்பும் அப்பளமும் தொண்டையில் இறங்கவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னேன்.

அடுத்த நாள் லீவு போட்டு நுவரெலியா காட்டக் கூட்டிப்போனாள். ஏரி, குதிரை, பூந்தோட்டம் என்று வழியெல்லாம் ஆசை காட்டினாள். தலவாக்கலை தாண்டி ஓர் ஏற்றத்தில் பஸ் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. எல்லோரும் இறங்கினோம். நம் ஊராக இருந்தால் கண்டக்டரைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள். இங்கே ஒருத்தர் பஸ்ஸுக்குத் தண்ணீர் எடுக்க ஓடினார், ஒரு பெண் பையைப் பிரித்து எல்லோருக்கும் அவித்த கடலை கொடுத்தாள். கண்டக்டர் சிங்களத்தில் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். செல்வராணி தமிழில் சொன்னாள்: "வயசான வண்டியாம், அதுவும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டுமாம்."

அவளால் சும்மா நிற்க முடியவில்லை. ரோட்டோரக் கானைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே கொஞ்சத் தூரம் போய் வந்தாள்.

"இங்கிட்டு இன்னும் வரலக்கா. இம்புட்டுத் தூரம் பரவுறதுக்குள்ள புடிச்சிறணும்." துணிக்கு மேலாகவே கையைப் பரபரவென்று சொறிந்தாள். துணியில் ஈரம் ஊறியது. "எவன் கொண்டாந்தானோ அவன் கையி அழுகி..."

"போதும்டி, நிறுத்து!"

கடலை கொடுத்த பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். செல்வராணி வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை அந்தச் சொல்லு உன் வாயில வரக் கூடாது. உன் கையை நீயே பார்த்துச் சபிச்சுக்கிட்டு இருக்கியேடி! அந்தோணி வீட்டுக்கு ஏன் வரலை? முனியாண்டி வீட்டுக்கு ஏன் வரலை? அவங்க ரெண்டு பேரும்தான் நீ கொண்டு வந்த மண்ணை வாங்காதவங்க. எங்க ஊர்க் கோயில் மண்ணுலதான்டி அந்த விதை வந்துச்சு."

இவ்வளவு கடுமையாகச் சொல்ல நினைக்கவே இல்லை. அவள் அழவில்லை, மறுக்கவும் இல்லை. ஒவ்வொரு வீடாக மனசுக்குள் நடந்து பார்க்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, யாரோ ஒருத்தருடைய கையைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"அக்கா, ஆணியில தொங்குறதும் அதே மண்ணா?"

"அதே மண்ணுதான்."

"ஐயோ ஆத்தா" என்றாள் மெதுவாக. "வாங்க, வீட்டுக்குப் போயிருவோம்."

நுவரெலியா ஏரியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டோம்.

நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இருக்கலாம் பிள்ளை. ஆனா பாக்காமல் சொல்லக் கூடாது" என்றார். புது மண்ணில் ஒரு சிட்டிகையை ஒரு சிரட்டையில் போட்டு, தண்ணீர் தெளித்து, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பிள்ளைக்காம்பரா ஜன்னலில் வைத்தார். செல்வராணி வேலைக்கு நடுவே ஓடி ஓடி வந்து பார்த்தாள். நானும் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுகிற சாக்கில் அங்கேயே கிடந்தேன். ஒன்றும் முளைக்கக் கூடாது என்று எங்கள் ஆத்தாவையே வேண்டினேன். முளைக்காவிட்டால் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

முளைத்தது. ஒரு காலையில் டம்ளருக்குள் பச்சையாக ஊசி முனை போல் தலை நீட்டி, அந்த வாரக் கடைசிக்குள் கேரட் இலையாக விரிந்தது. செல்வராணி குனிந்து பார்த்தாள். நேராகச் சுவருக்குப் போய், பெரிய சிவப்புப் பொட்டு ஒன்றை எடுத்து, படத்தில் கோயிலின் மேலேயே ஒட்டினாள். ஒரு வருஷமாக அந்த இடத்தில் ஒரு பொட்டும் ஒட்டியது இல்லையாம். கோயில் வளாகத்தில் தினம் கூட்டிப் பெருக்குகிறார்கள், அதனால் அங்கே தேட யாருக்கும் தோன்றவில்லை.

"எல்லார்கிட்டயும் சொல்லணும்க்கா."

"சொல்லாட்டி என்னடி? இந்த மண்ணைக் கொட்டி எரிச்சுருவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று மாலை கோயில் முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள். கீழ் டிவிசன்காரர்கள் புது மண்ணை வாங்கிப் போகத் தாம்பாளத்தோடு வந்திருந்தார்கள். அவள் எழுந்து நின்று சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. எந்தச் செடியால் எல்லோருடைய மாட்டுப் பாலும் கசந்ததோ, அந்தச் செடி தான் கொண்டுவந்த மண்ணில் வந்தது என்றாள். சிரட்டையையும் காட்டினாள்.

முதலில் கோயில் தலைவர்தான் பேசினார். "ஆத்தா மண்ணுல குத்தம் சொல்றியா? எந்த எடத்துல நின்னு என்ன பேசுறே?"

அவரைத் தள்ளிக்கொண்டு பேச்சியம்மா முன்னால் வந்தார். செல்வராணி வீட்டுக்கு எதிர் வீடு, கொழுந்து பறிக்கிறவர். அவரும் ஒரு பசு வைத்திருக்கிறார். "எங்களோட சேந்து நீயும் தெனம் வஞ்சியேடி? அவன் கையி அழுகணும்னு எங்க வாயாலயும் சொல்ல வச்சியேடி? யார வையிறோம்னு தெரியாம எம்புட்டு நாளு வஞ்சிருக்கேன்!" கத்திக்கொண்டே வந்தவர் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். நான் எழுந்து, "எங்க ஊர் மண்ணுங்க, தப்பு எங்க…" என்று ஆரம்பித்தேன். "நீங்க விருந்தாளி, உக்காருங்க" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் அதட்டினார்கள்.

கீழ் டிவிசன்காரர் ஒருவர் வெறும் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அப்ப எங்க கோயிலு? மண்ணில்லாம எப்பிடிங்க?"

"மண்ணு இருக்கு" என்றாள் செல்வராணி. "ஆத்தா நெருப்புல நிக்கிறவதானே? இந்த மண்ணத் தீச்சட்டிக்கு அடியில பரப்பி, மேல கங்கு போடுவோம். வெதயெல்லாம் வெந்துரும், ஆத்தா இருப்பா. நானே தூக்குறேன். மண்ணுக் குடுத்த வீடு ஒண்ணு விடாமப் போயிட்டு, அப்பறமாக் கீழ் டிவிசன்ல எறக்குறேன்."

தலைவர் மாஸ்டரைப் பார்த்தார். "நல்லா வறுபட்டால் ஒரு விதையும் மிஞ்சாது, அது நிச்சயம்" என்றார் மாஸ்டர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நான் குறுக்கே புகுந்தேன். "உன் கையை வச்சுக்கிட்டா? டிஸ்பென்சரில அடுப்புப் பக்கமே போகாதேன்னு சொல்லியிருக்காங்கடி!"

"வேப்பல வச்சுத்தானே புடிப்பேன்" என்றாள்.

திருவிழா அன்று மஞ்சள் சேலை கட்டி, கைத்துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நின்றாள். அந்தக் கைகளைப் பார்க்க முடியாமல் நான் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டேன். படம் ஒன்றும் எடுக்கவில்லை. தப்பும் உறுமியும் முழங்க, அடியில் எங்கள் ஊர் மண்ணும் மேலே தணலுமாகச் சட்டியை வேப்பிலையோடு ஏந்தினாள். முதல் அடியிலேயே அவள் உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது.

தீச்சட்டி வாசலுக்கு வந்தால் தூக்கி வருகிறவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் ஊரிலும் உண்டு. முதல் வாசலில் அந்த வீட்டு அம்மா குடத்தோடு நின்றார். ஊற்றவில்லை. செல்வராணி நின்றாள். சட்டியின் அனல் அவள் முகத்தில் அடித்தது. "நான்தான் கொண்டாந்தேன். மன்னிச்சுக்கங்க" என்றாள். அந்த அம்மா பேசாமல் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாசலிலும் அப்படித்தான். ஒவ்வொரு வாசலிலும் நின்றாள், ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னாள். மண் வாங்காத அந்தோணிகூட வாளியோடு ரோட்டில் நின்று அவள் காலில் தண்ணீர் ஊற்றினார்.

பேச்சியம்மா வீடு வந்தது. இந்த அம்மா என்ன சொல்லிக் கத்தப்போகிறாரோ! அவர் தண்ணீரை ஊற்றினார். குடத்தைக் கீழே வைத்தார். நிமிர்ந்து, லயம் பூராவும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஒன் கையி நல்லாருக்கணும்டி!"

தப்புக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். செல்வராணியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கை இல்லை. பிறகு அடுத்த வீட்டிலும் சொன்னார்கள், அதற்கடுத்த வீட்டிலும். ஏற்கெனவே ஊற்றிவிட்டு உள்ளே போன பெண்கள்கூடத் திரும்பி ஓடிவந்து சொன்னார்கள். ஒரு வருஷமாக அந்தக் கையைத் தெரியாமல் வைத வாய்கள் எல்லாம் ஒன்று விடாமல் சொல்லின.

கடைசியாக அவள் வீடு. பூட்டிக் கிடந்தது. புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை, வாசலில் ஊற்ற ஆள் இல்லை. நான் கேமராவை யார் கையிலோ திணித்துவிட்டு, பேச்சியம்மாவின் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். காலில் ஊற்றினேன். பாதி என் சேலையிலேயே கொட்டியது.

"ஒன் கை நல்லாருக்கணும்டி" என்றேன்.

அவள் சட்டிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வையும் கண்ணீரும். "உங்க ஊருப் பூசாரி கையும் நல்லாருக்கட்டும்னு சொல்லுங்கக்கா" என்றாள். "அள்ளிக் குடுத்தவரு அவருதானே. அவரையும் சேத்துத்தான வஞ்சிருக்கேன்."

சொன்னேன். அவள் சட்டியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு கீழ் டிவிசனுக்கு இறங்கினாள்.